கெந்திங் பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு எச்சரிக்கை: வவுச்சரில் ஹோட்டல் பெயரும் எந்த டவர் (கட்டடம்) என்பதும் இருக்கிறதா பாருங்கள்

மலேசியா டூரில் கெந்திங் ஹைலண்ட்ஸ் என்ற மலை ரிசார்ட்டையும் சேர்த்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். வயதான அப்பா அம்மாவையோ சின்னப் பிள்ளைகளையோ கூட்டிப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். எங்களை ஏமாற்றியது திருச்சியில் இருக்கும் ஒரு டிராவல் ஏஜென்ட்டும், கோலாலம்பூரில் அவருக்காக வேலை பார்க்கும் ஒரு ஆளும். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாதிரிதான் வேறு ஊர்களிலும் விற்கிறார்கள் என்று இப்போது தெரியவருகிறது.

"ரிசார்ட்டுக்குள்ளேயே ரூம் சார். லிஃப்ட்ல இறங்கினா தீம் பார்க். அம்மா ஒரு அடி கூட எக்ஸ்ட்ரா நடக்க வேண்டாம்." ஏஜென்ட் சொன்ன வார்த்தை இது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதளத்தில் மெல்ல நடப்பார், படி ஏறினால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. அதைச் சொல்லித்தான் நாங்கள் பேக்கேஜ் விசாரித்தோம். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இருந்தது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல். கலர் கலராகப் பெயின்ட் அடித்த, எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் அந்தப் பெரிய கட்டடம். ஆனால் வவுச்சர் வந்தபோது ஹோட்டல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரீமியம் ஸ்டே, கெந்திங் ஹைலண்ட்ஸ், 69000 பகாங்' என்று மட்டும் போட்டிருந்தது. கேட்டதற்கு, "அங்க எல்லாமே ஒரே காம்ப்ளக்ஸ்தான் சார்" என்றார்.

வேன் மலைப்பாதையில் பாதி ஏறியதும் திரும்பி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றது. டிரைவர் மலேசியத் தமிழர், நல்ல மனிதர். இறங்கி வந்து என்னிடம் தன் ஃபோனைக் காட்டினார். "அண்ணே, எனக்குக் கொடுத்த அட்ரஸ் இதுதான். இது கோத்தோங் ஜெயா. ரிசார்ட்டு இன்னும் மேல இருக்கு. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். ரிசப்ஷன் கிடையாது, ஆள் கிடையாது. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் நம்பர் பூட்டு. மெசேஜில் வந்த நான்கு எண்களைத் திருப்பினால் உள்ளே சாவி. அதுதான் எங்கள் 'ரிசார்ட்' செக் இன். அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. "தம்பி, இது யாரோட வீடு?" என்று கேட்டார்.

கெந்திங் எப்படி அமைந்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தால் இந்த ஏமாற்று நடக்காது, அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ரிசார்ட் இருப்பது மலை உச்சியில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். ஃபர்ஸ்ட் வேர்ல்ட், கெந்திங் கிராண்ட், கிராக்ஃபோர்ட்ஸ், ஸ்கைவேர்ல்ட்ஸ் ஹோட்டல் எல்லாம் மேலே. ஸ்கை அவென்யூ மால், ஃபர்ஸ்ட் வேர்ல்ட் பிளாசா, கேசினோ, தீம் பார்க் எல்லாமும் மேலே. கேபிள் கார் புறப்படும் அவானா நிலையம், பஸ் ஸ்டாண்ட், அவுட்லெட் மால், அவானா ஹோட்டல் ஆகியவை மலையின் நடுப்பகுதியில். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங் பெயரில் அமைந்த கோத்தோங் ஜெயா என்ற சிற்றூரும் கீழே அந்தப் பக்கம்தான். அங்கே அப்பார்ட்மென்ட்டுகள் நிறைய. பலர் நாள் வாடகைக்கு விடுகிறார்கள், அதில் தப்பே இல்லை, காருடன் வருகிறவர்களுக்கு வசதியும்கூட. தப்பு எங்கே என்றால், உச்சிக்கும் இதற்கும் அஞ்சல் முகவரி ஒன்றுதான். இரண்டுமே 'கெந்திங் ஹைலண்ட்ஸ், 69000 பகாங்'. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அப்பார்ட்மென்ட்டை ரிசார்ட் என்று விற்றுவிடுகிறார்கள். கேட்டால், "அதுவும் கெந்திங்தானே சார்" என்பார்கள். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டேன். "மேல அஞ்சு நிமிஷம் சார், கேபிள் கார் இன்க்ளூடட்" என்றார். அந்த அஞ்சு நிமிஷத்தைக் கேளுங்கள். அப்பார்ட்மென்ட்டிலிருந்து கிராப் வண்டி (ஆப்பில் புக் செய்யும் வாடகை கார்) பிடித்து அவானா நிலையம். அங்கே டிக்கெட் கவுண்டரிலும் ஏறும் இடத்திலும் வரிசை. 2016-இல் வந்த இந்த அவானா ஸ்கைவே கேபிள் கார் உச்சிக்குப் போய்ச் சேர 10 நிமிடம் போல ஆகும். நடுவில் சின் ஸ்வீ கோயில் நிலையம், அடுத்தது ஸ்கை அவென்யூ. இறங்கியது மாலுக்குள். அங்கிருந்து எஸ்கலேட்டர், நடை, மறுபடி எஸ்கலேட்டர், ஃபர்ஸ்ட் வேர்ல்ட் பிளாசா, அதற்கப்புறம்தான் நாம் போக வேண்டிய இடம்.

கேபிள் காரில் ஏறுவதே அம்மாவுக்குப் பெரும்பாடு. பெட்டி முழுதாக நிற்காது, மேடையை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். நாம் அது போகும் வேகத்துக்கு ஒரு எட்டு வைத்து உள்ளே போக வேண்டும். அம்மா மேடை ஓரத்தில் நின்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டியை விட்டார், அடுத்ததையும் விட்டார். பின்னால் வரிசை. நல்லவேளை, அங்கிருந்த பெண் ஊழியர் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லி, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். முட்டி முடியாதவர்களைக் கூட்டிப் போனால் ஏறும் முன்பே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், உதவுகிறார்கள். இன்னொன்று, இடி மின்னல் இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்பு நாட்களிலும் ஓடாது. கீழே ரூம், மேலே தீம் பார்க் என்று மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நேரத்தில் ரோடு வழிதான். பனிமூட்டம் இறங்கிய ராத்திரியில் மேலிருந்து வண்டி கிடைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் தூங்கி வழிய, அம்மா மால் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, புக்கிங் திரும்பத் திரும்பக் கேன்சல் ஆனது. 'இன்க்ளூடட்' என்ற கேபிள் கார் ஒரு வழிக்கு மட்டும்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தது தீம் பார்க் டிக்கெட். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். மேலே இரண்டு பார்க் இருக்கிறது. ஒன்று ஸ்கைவேர்ல்ட்ஸ், வெட்டவெளியில் இருப்பது, 2022 பிப்ரவரியில் திறந்தார்கள், 26 ஏக்கர், ஒன்பது பகுதிகள். ராட்டினங்கள், பெரிய ரைடுகள் எல்லாம் அதில்தான். இன்னொன்று ஸ்கைட்ரோபோலிஸ். அது ஃபர்ஸ்ட் வேர்ல்ட் பிளாசாவுக்குள் கூரைக்குக் கீழே இருக்கும் பார்க். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் நன்றாகவே இருக்கும், மழை பெய்தாலும் கவலையில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு பார்க், டிக்கெட்டும் தனித்தனி. எங்கள் ஏஜென்ட் அனுப்பிய போஸ்டர் முழுக்க ஸ்கைவேர்ல்ட்ஸ் படம், கையில் கொடுத்த டிக்கெட் ஸ்கைட்ரோபோலிஸுக்கு. பேக்கேஜ் தாளில் 'கெந்திங் தீம் பார்க்' என்று மட்டும் இருந்ததால் அவர் பிடி கொடுக்கவில்லை. ஸ்கைவேர்ல்ட்ஸ் நுழைவாயிலில் என் மகள் ஸ்கேன் செய்ய டிக்கெட்டை நீட்டினாள், ஊழியர் பொறுமையாக, "இது அந்தப் பார்க்குக்கு" என்று உள்பக்கம் கை காட்டினார். மாதக்கணக்கில் வீடியோ பார்த்து வைத்திருந்த பிள்ளை. அங்கேயே காசு கொடுத்துப் புதிதாக டிக்கெட் எடுத்தோம்.

கோலாலம்பூர் ஆள் செய்தது இதற்கு மேல். மேலே ரூம் வேண்டும் என்று நான் விடாமல் கேட்டதும், 'அப்கிரேட் சார்ஜ்' என்று ஒரு தொகை சொன்னான். அது ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் அன்றைக்கு இருந்த வாடகையைவிட அதிகம். அதோடு டூரிசம் டாக்ஸ் என்று ஆளுக்கு இவ்வளவு என ரொக்கமாகக் கேட்டான். வெளிநாட்டவருக்கு மலேசியாவில் டூரிசம் டாக்ஸ் உண்டு, உண்மை. ஆனால் அது ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கே கிடையாது. தங்கும் இடத்தில் ரசீதோடு கட்ட வேண்டியது. இடையில் எவன் கையிலும் கொடுக்காதீர்கள். இதே ஏஜென்ட் எங்கள் உறவினர் ஒருவரிடம் 'விசா ப்ராசசிங்' என்றும் பணம் வாங்கியிருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கிறது. நிரப்ப வேண்டியது டிஜிட்டல் வருகை அட்டை மட்டும், அதுவும் இலவசம்.

கடைசியில் நாங்களே ஆன்லைனில் ஃபர்ஸ்ட் வேர்ல்டில் ரூம் போட்டு மேலே போய்விட்டோம். உண்மையிலேயே மேலே ரூம் கிடைத்தவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 7,351 ரூம், கின்னஸில் இடம்பிடித்த ஹோட்டல். 'ரிசார்ட்டுக்குள்ளே' என்றாலும் நடை குறையாது. டவர் 1, டவர் 2, 2ஏ, டவர் 3 என்று இருக்கிறது. ஒரு டவர் லிஃப்ட்டில் ஏறிவிட்டு இன்னொரு டவருக்குப் போக முடியாது, கீழே வந்து நடந்து அந்த டவரின் லிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும். கூட வந்த குடும்பத்துக்கு வேறு டவரில் ரூம் விழுந்தால், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போவதே ஒரு பயணம். செக் இன் பிற்பகல் 3 மணிக்கு. பாஸ்போர்ட்டை வைத்தால் ரூம் கார்டு தரும் மெஷின்கள் இருப்பதால் கவுண்டர் வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கேசினோ தளத்துக்குள் 21 வயது நிரம்பாதவர்கள் போக முடியாது, ஆகவே பிள்ளைகளோடு இருக்கும்போது யாராவது 'இப்படிக் குறுக்கே போங்க' என்று அந்தப் பக்கம் காட்டினால் போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீல்சேர் தேவைப்பட்டால் கிளம்பும் முன்பே ஹோட்டலுக்கு நேரடியாக மெயில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வழியாகக் கேட்காதீர்கள். எங்கள் ஏஜென்ட் 'சொல்லியாச்சு சார்' என்ற வீல்சேர் எங்கேயும் எழுதப்படவே இல்லை. ஒரு ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள், சாயங்காலம் குளிர் எலும்பைத் தொடும்.

பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியது இது. ஹோட்டலின் முழுப் பெயர், முடிந்தால் டவர். ஹோட்டல் தரும் புக்கிங் நம்பர், அதை வைத்து நீங்களே ஹோட்டலுக்கு மெயில் போட்டு உறுதி செய்யுங்கள். ஏஜென்ட்டின் சொந்த வவுச்சர் நம்பரை நம்பாதீர்கள், அது அவர் கம்ப்யூட்டரில் அவரே போட்டது. தீம் பார்க் பெயர் ஸ்கைவேர்ல்ட்ஸா ஸ்கைட்ரோபோலிஸா என்று தெளிவாக இருக்கட்டும். கேபிள் கார் போகவா, போகவரவா? வேன் எங்கே இறக்கிவிடும், அவானாவிலா ஹோட்டல் லாபியிலா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் மழுப்புவார்கள். முட்டிவலிக்காரர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: போஸ்டர், வாட்ஸ்அப் பேச்சு, வவுச்சர், தனியாகக் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அடுத்த வாரமே ஏஜென்ட் 'பாதி தர்றேன், புகாரை வாபஸ் வாங்குங்க சார்' என்று இறங்கி வந்தார். வாங்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்ட் ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நாமே போடலாம். எங்கள் மனு தயாராகிவிட்டது, அம்மாவின் எலும்பு டாக்டர் கொடுத்த சான்றிதழையும் சேர்த்திருக்கிறோம்.

இந்த விடுமுறைக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வவுச்சரில் 'பிரீமியம் ஸ்டே' மாதிரி ஏதாவது போட்டு வந்திருந்தால், மீதிப் பணத்தைக் கட்டாமல் நிறுத்தி வையுங்கள். ஹோட்டல் பெயர் எழுத்தில் வரட்டும், அப்புறம் கட்டலாம். வவுச்சரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் அது மேலேயா கீழேயா என்று பார்த்துச் சொல்கிறேன்.