மஞ்சள் மீட்டரா, விலை கூடியதா? மதுரைப் பட்டறைகளுக்கான ஓர் ஒப்பீடு

கே.புதூர் தொழிற்பேட்டையில் பேனல் போர்டு பார்ப்பவரும், மேலூர்ப் பக்கம் போர்வெல் மோட்டாருக்கு இணைப்புக் கொடுப்பவரும், வீட்டில் அடாப்டர், பேட்டரி என்று சிறு பழுது பார்ப்பவரும் கடைக்குப் போய்க் கேட்பது ஒரே கேள்விதான்: எது நல்ல மல்டிமீட்டர்? கடைக்காரர் மூன்றை எடுத்து வைப்பார். சில நூறு ரூபாயில் கிடைக்கும் 830 வகை மஞ்சள் மீட்டர் ஒன்று. மோட்வானே, ரிஷப், மெக்கோ போன்ற இந்திய நிறுவனங்களின் நடுத்தர மீட்டர் ஒன்று. அமெரிக்க ஃபுளூக் ஒன்று. (ஃபுளூக்கும் மஞ்சள் நிறந்தான் என்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.) இவற்றை விலையை வைத்து ஒப்பிடுவதைவிட, லீடின் (அளக்கும் கம்பியின்) முனை எந்த இடத்தில் படப்போகிறது என்பதை வைத்து ஒப்பிடுவதே சரி என்பது என் கருத்து.

அளக்கும் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசத் தரநிலை, அளக்கும் இடங்களைக் ‘கேட்’ (கேட்டகரி, அதாவது வகை) என்று பிரித்துக் காட்டுகிறது. பிளக் பாயிண்டில் செருகும் கருவிகளை அளப்பது கேட் 2. டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, பேனல், நிலையாகப் பொருத்திய மோட்டார் ஆகியவை கேட் 3. மின்வாரியத்தின் சர்வீஸ் லைனும் மீட்டர் போர்டும் கேட் 4. இடி, சுவிட்ச்சிங் போன்றவற்றால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பாயும் உயர் அழுத்தத்தைக் கருவி தாங்குமா என்பதே இங்கு கேள்வி. அந்த இடத்தில் ஷார்ட் ஏற்பட்டால் பாயக்கூடிய மின்னோட்டம், டிரான்ஸ்பார்மரை நெருங்க நெருங்கப் பெருகும். மஞ்சள் மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ‘அன்ஃபியூஸ்டு’ என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் படிப்பதில்லை. கரண்ட் பார்த்துவிட்டு லீடை அந்தத் துளையிலேயே மறந்துவிட்டு, 415 வோல்ட் பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரம் பாயும் உலோகப் பட்டையில்) முனையை வைத்தால், மீட்டர் ஒரு துண்டுக் கம்பியாகவே மாறிவிடும். நடுவில் அறுந்து காப்பாற்ற ஃபியூஸ் இல்லை. ஆகவே பேனலுக்கு மஞ்சள் மீட்டர் வேண்டவே வேண்டாம். மற்ற இரண்டிலும்கூட அட்டையில் உள்ள எழுத்தை மட்டும் நம்பாமல், பின்மூடியைக் கழற்றி, கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலாக பெரிய ஷார்ட் கரண்டையும் பத்திரமாக அறுக்கும், மணல் நிரப்பிய பீங்கான் எச்.ஆர்.சி. ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சதவிகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஏ.சி. வோல்ட்டேஜுக்கு மஞ்சள் மீட்டரின் விவரத்தாளில் பொதுவாக 1.2 சதவிகிதமும் 10 இலக்கமும் என்றிருக்கும் (இலக்கம் என்பது திரையில் கடைசி எண்ணின் ஒரு படி). நடுத்தர மீட்டர் ஒன்றின் தாளில் 1 சதவிகிதமும் 3 இலக்கமும் என்றிருக்கும். சதவிகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மஞ்சள் மீட்டர் 750 வோல்ட் ரேஞ்சில் ஒவ்வொரு வோல்ட்டாகவே காட்டுவதால், அந்தப் 10 இலக்கம் முழு 10 வோல்ட். திரையில் 6000 படிகள்வரை காட்டும் நடுத்தர மீட்டர் 0.1 வோல்ட் படிகளாகக் காட்டுவதால், அதன் 3 இலக்கமோ வெறும் 0.3 வோல்ட். 230 வோல்ட்டை அளக்கும்போது முதலாவது ஏறத்தாழ 12.8 வோல்ட் பிழையோடு 217 முதல் 243 வரை எதை வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டாவதற்கு அனுமதி 2.6 வோல்ட்தான். மாலையில் கிராமத்து லைனில் வோல்ட்டேஜ் குறைகிறது என்று புகார் எழுதப்போகிறவர் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. அதே மஞ்சள் மீட்டர் டி.சி. வோல்ட்டேஜில் அரை சதவிகிதத்தை ஒட்டி நன்றாகவே காட்டும் என்பதால், பேட்டரி மேசையை அதற்கு விட்டுவிடலாம்.

கம்பியை வெட்டாமல் தாடையால் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரில் கேள்வி வேறு. சாதாரண வகை, அலை சீரான சைன் வடிவில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சராசரியை 1.11ஆல் பெருக்கிக் காட்டுகிறது; ட்ரூ ஆர்.எம்.எஸ். வகை உண்மையான வெப்ப மதிப்பைக் கணக்கிடுகிறது. கிணற்று மோட்டாரை நேராக ஸ்டார்ட்டரில் ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றே. கப்பலூரில் டிரைவ் (வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்து ஓடும் மோட்டார்களுக்கும், எல்.இ.டி. விளக்கும் சீரியல் செட்டும் நிறைந்த கல்யாண மண்டபத்துக்கும் அப்படியில்லை; அங்கே அலை சைன் வடிவில் இருப்பதில்லை. டையோடு வழியாகக் கரண்ட் இழுக்கும் சிங்கிள் ஃபேஸ் சுமையில் சாதாரண டெஸ்டர் 40 சதவிகிதம்வரை குறைத்துக் காட்டக்கூடும். நியூட்ரல் சுடுகிறது, டெஸ்டரோ எல்லாம் சரி என்கிறது. இங்கே ஃபுளூக் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, ட்ரூ ஆர்.எம்.எஸ். என்ற ஒரு வசதிக்காக நடுத்தர இந்திய டெஸ்டரை வாங்குவது அறிவுடைமை. ஃபுளூக்கின் சில எளிய மாடல்களே சராசரி வகைதான்.

காலிபரேஷனுக்குத் தமிழில் ‘அளவுத்திருத்தம்’ என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லே குழப்பத்தின் வேர். ஆய்வகம் எதையும் திருத்துவதில்லை. தெரிந்த அளவைக் கொடுத்து, மீட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒப்பிட்டு எழுதித் தருகிறது, அவ்வளவுதான். உதாரணமாக, 230.0 கொடுத்தபோது மீட்டர் 231.4 காட்டியது, ஆய்வகத்தின் ஐயப்பாடு (அதன் அளவே தவறக்கூடிய எல்லை) ±0.5 வோல்ட் என்றிருந்தால், பிழை 1.4, ஐயப்பாட்டைச் சேர்த்தாலும் நடுத்தர மீட்டருக்கு முன்பு கணக்கிட்ட 2.6க்குள் அடங்குவதால் மீட்டர் தேறியது. இந்த இரண்டு எண்களும் இல்லாமல் ‘ஓகே’ என்று மட்டும் எழுதிய சான்றிதழால் பயனில்லை. ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, அந்த அங்கீகாரம் நாம் கேட்கும் ஏ.சி. கரண்டுக்கும் உண்டா, அல்லது டி.சி.க்கு மட்டுமா என்பதையும் அவர்களுடைய ஸ்கோப்பில் (அங்கீகாரம் பெற்ற அளவுகளின் பட்டியலில்) பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த காலிபரேஷன் தேதியை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் முறைப்படி ஆய்வகம் தானாக எழுதக்கூடாது. வாடிக்கையாளர் கேட்டால்தான் எழுதும். மஞ்சள் மீட்டரை அங்கே அனுப்பினால் பெரும்பாலும் கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும். அறிக்கையில் கையெழுத்திடப் பயன்படும் மீட்டர் ஒன்றை மட்டும் ஆண்டுக்கொருமுறை அனுப்பி, பட்டறையில் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக்கொள்வதே கட்டுப்படியாகும்.

அப்படி ஒப்பிடும்போது லைன் வோல்ட்டேஜ் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் ஒரே முனையில் வைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரியை மாற்றிவிட வேண்டும்; மஞ்சள் மீட்டர் பேட்டரி இறங்கும்போது அளவைக் கூட்டிக் காட்டும் பழக்கமுடையது. டாங் டெஸ்டரின் தாடைகளைத் துடைத்துவிட்டு, ஒரே கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி உள்ளே விட்டால், ஒரு சுற்றில் காட்டியதைப் போல் பத்து மடங்கு காட்டுகிறதா என்று பார்க்கலாம். உயர் வோல்ட்டேஜ் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கருக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்து, 2 மெகா ஓம் வருகிறதா என்று பார்த்தால் போதும். மோட்டார் வைண்டிங்கின் இன்சுலேஷனைச் சில வோல்ட் மட்டுமே செலுத்தும் மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பார்ப்பவருக்கு, அந்த மெக்கர்தான் இந்தப் பட்டியலில் முதலில் வாங்க வேண்டிய கருவி.