மருந்துச் சோதனையா, நடைமுறைச் சோதனையா, மரண மீளாய்வா?

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தை முடித்துவிட்டுத் தாய்-சேய் நல ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் பிஎச்டி செய்யலாம்?" எந்த வகை ஆய்வு என்று முடிவெடுத்தால் நாடு தானாகத் தெரிந்துவிடும். வழி மூன்று. மூன்றையும் பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கை வைத்தே பார்ப்போம்.

முதலாவது, ஒவ்வொரு தாயையும் குலுக்கல் முறையில் பிரிக்கிற மருந்துச் சோதனை. பிரசவத்துக்குப் பிறகு கருப்பையைச் சுருங்கவைத்து இரத்தப்போக்கைத் தடுக்கிற மருந்துகள் ஒக்சிடோசினும் கார்பெடோசினும். ஒக்சிடோசினை 2–8 பாகையில் வைக்க வேண்டும். வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 30 பாகையிலும் நிற்கும். 2018இல் வெளிவந்த சாம்பியன் சோதனை 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரிடம் இரண்டையும் ஒப்பிட்டது. 500 மி.லீ. இழப்பைத் தடுப்பதில் கார்பெடோசின் சளைத்ததல்ல என்று தெரிந்தது, 1000 மி.லீ. விடயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் யாருக்கு எது ஏறுகிறது என்று தெரியாமல் இருப்பதற்காக இரண்டு மருந்தையும் குளிரிலேயே வைத்தார்கள். ஆகவே கரண்ட் நின்ற பெட்டியில் சூடேறிக் கிடந்த ஒக்சிடோசினோடு கார்பெடோசின் அங்கே மோதவேயில்லை.

செலவையும் கணக்குப் பாருங்கள். கடும் இரத்தப்போக்கு 2 வீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைகிறதா என்று 80 வீத வலுவோடு (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) காட்ட, ஒப்பிடும் ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் 10,800 தாய்மார் வேண்டும். தனி ஆளாகத் தொடங்கக்கூடிய வேலை இல்லை. பன்னாட்டுக் குழுவில் சேரலாம்தான், ஆனால் கேள்வி உங்களுடையதாக இராது.

இரண்டாவது, வைத்தியசாலைகளையே குலுக்கிப் பிரிக்கும் நடைமுறைச் சோதனை. எங்கள் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். பேராசிரியர் அரி குமாரசாமி முன்னின்று நடத்திய இ-மோட்டிவ் சோதனை (2023) நான்கு ஆபிரிக்க நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் இரத்தத்தை அளந்தார்கள். 500 மி.லீ. தொட்டால், அல்லது 300 தாண்டி நாடித்துடிப்பு போன்ற ஓர் அறிகுறி பிசகினால், கருப்பையைத் தடவுதல், ஒக்சிடோசின், இரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரனெக்சாமிக் அமிலம், சேலைன், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். கண்மதிப்பை நம்பிய இடங்களில் இரத்தப்போக்கில் பாதியளவுதான் பிடிபட்டது. இங்கே 93 வீதம். கடும் விளைவுகள் 60 வீதம் குறைந்தன.

விரிப்பிலும் வழுக்கல் உண்டு. பிள்ளை பிறந்து பனிநீர் வடிந்த பிறகு விரிக்காவிட்டால் அதுவும் இரத்தக் கணக்கில் ஏறிவிடும். துணியில் ஊறியதைத் தராசில் நிறுத்து, 1 கிராமை 1 மி.லீ. எனச் சேர்க்க வேண்டும்.

புள்ளிவிவரத்தில் மாட்டுகிற இடம் வேறு. ஒரே வைத்தியசாலைத் தாய்மார் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பதால் எண்ணிக்கை பெருகும்: வைத்தியசாலைக்கு 200 பிரசவம், உள்ளொற்றுமைக் கெழு (அந்த ஒத்திருப்பின் அளவு) 0.01 என்றால் 1 + 199 × 0.01, அதாவது மூன்று மடங்கு. பிரசவங்களைக் கூட்டிப் பயனில்லை, வைத்தியசாலைகளைக் கூட்ட வேண்டும். போதனா, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி என்று விரல்விட்டு எண்ணி ஆறு சேர்த்தாலும், மூன்றும் மூன்றுமாகப் பிரிக்க 20 வழிதான். பிரிக்கக்கூடிய எல்லா வழிகளோடும் ஒப்பிடுகிற இருபக்க மாற்றிடச் சோதனையில் பி மதிப்பு (வித்தியாசம் எதுவும் இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.1க்குக் கீழே இறங்காது, வழக்கமாகக் கேட்கும் 0.05ஐத் தொடாது. வன்னியும் கிழக்கும் சேராமல் இதைத் தொடக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு தாயின் சாவும் ஏன், எப்படி நடந்தது என்று ஆராயும் மரண மீளாய்வு. இலங்கையில் 1985இலிருந்து தாய் மரணம் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டியது. செலவு குறைவு, கலாநிதிப் பட்டத்துக்கு நேரத்தோடு முடியும். ஆனால் மரணங்கள் சிலவே என்பதால் வீதத்தை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. சாவின் வாசல்வரை போய்த் தப்பியவர்களையும் சேர்த்தால்தான் எங்கே தாமதித்தது என்பது துலங்கும்.

எனவே மீளாய்வில் தொடங்கி, கண்ட ஓட்டையை நடைமுறைச் சோதனையாக்குவதே யாழில் இருப்பவருக்குத் தோது. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த கையோடு இலங்கை மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் பதிந்துவிடுங்கள். முதல் தாயைச் சேர்த்த பிறகு பதிந்தால் நல்ல சஞ்சிகைகள் வாசிக்காமலே திருப்பிவிடும்.