போர் தண்ணிக்கு டெஸ்ட் கிட் வாங்கலாமா? மில்லுக்குப் பக்கத்து மனைக்காரி சொல்கிறேன்

டிடிஎஸ் பேனா வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் பேனாவை விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி மறுபடி விடுங்கள். எண் ஏறாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடும் கருவி அது. சர்க்கரையும் கஞ்சியும் அதன் கண்ணில் படாது. புதுவயல் பக்கம் புழுங்கலரிசி மில்லை ஒட்டிக் குடியிருக்கும் எனக்கு அது போதவில்லை. அதனால்தான் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் இந்த டெஸ்ட் கிட்டை வாங்கினேன். குடிநீர்த் திட்டத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தருகிறார்களே, அதே வகைப் பெட்டிதான்.

மில்லில் நெல் ஊறிய தொட்டியை வடித்தால் மஞ்சளாகத் தண்ணி வரும், புளித்த வாடையோடு. அது பின்னால் இருக்கும் தைலமரக் கொல்லையில் பாய்கிறது. கேட்டால் மேஸ்திரி, “வெறும் நெல்லு ஊறுன தண்ணிக்கா, மாடே குடிக்கும்” என்பார். குடிக்கும்தான், நானே பார்த்திருக்கிறேன். என் கவலை மாட்டைப் பற்றியது இல்லை, போரைப் பற்றியது.

சரி, பெட்டிக்கு வருவோம். அமிலத்தன்மை, காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் பார்க்கலாம். கல்லூரி வேதியியல் லேபில் உதவியாளராக வேலை பார்த்தவள் என்பதால் எனக்குச் சொட்டு எண்ணுவது பழக்கம். கடினத்தன்மைக்குத் திராட்சைச் சிவப்பு நீலமாகும் வரை, குளோரைடுக்கு மஞ்சள் செங்கல் நிறமாகும் வரை. இந்த இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. நிறம் மாறும் இடம் பளிச்சென்று தெரிகிறது, புதிதாகச் செய்பவர்களும் தவற விடமாட்டார்கள்.

நைட்ரேட்டும் இரும்பும்தான் நான் முக்கியமாகப் பார்ப்பவை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், அதைக் கிட்டோடு வரும் தாள் சொல்வதே இல்லை. ஊறல் தண்ணி மண்ணில் இறங்கினால் அதிலிருக்கும் மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் தின்னும். தின்னத் தின்ன மண்ணில் இருக்கும் ஆக்சிஜன் தீரும். அது தீர்ந்ததும் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், அப்புறம் மாங்கனீசு, அதற்கும் அப்புறம் இரும்பு. நம்ம பக்கம் கிணறு வெட்டினால் சுவரில் தெரிகிற செம்பூராங்கல்லின் சிவப்பே இரும்புதான். காற்று இருக்கும்வரை கல்லோடு கல்லாகக் கிடக்கும். ஆக்சிஜன் போனால் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும். கிட்டில் நைட்ரேட் குழாய் இளஞ்சிவப்பே ஆகாமல் நிற்க, நிற அட்டை ‘பாதுகாப்பானது’ என்கிறது. பக்கத்துக் குழாயில் இரும்பு ஆரஞ்சாக ஏறி நிற்கிறது. என் போரில் கண்டது இதைத்தான். ஊருணிக் கரையில், மேட்டுப் பக்கம் இருக்கும் அடிபம்பில் இது தலைகீழ்: நைட்ரேட் கொஞ்சம் உண்டு, இரும்பு அட்டையின் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. மேட்டுத் தண்ணியையும் பார்க்காமல் பள்ளத்துத் தண்ணியை மட்டும் வைத்துக்கொண்டு மில்லைக் குற்றம் சொல்ல முடியாது. செம்பூராங்கல் ஊரில் இரும்பு இயல்பாகவே இருக்கலாம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒயின் ஆலைகளிலும் இதே கதைதான். திராட்சை பிழியும் பருவத்தில் தொட்டி கழுவிய தண்ணியில் சர்க்கரையும் ஆல்கஹாலும் கலந்து போகும், அதை நிலத்தில் பாய்ச்சுவார்கள். கலிபோர்னியாவில் மாநில நீர்வள வாரியம் 2021-ல் ஒயின் ஆலைக் கழிவுநீருக்கென்றே தனி உத்தரவு போட்டது. நமக்கும் விதி இருக்கிறது: பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சுத்திகரிக்காத ஊறல் தண்ணி அதைப் பல மடங்கு தாண்டும். ஆனால் பிஓடியை இந்தக் கிட்டில் பார்க்க முடியாது, லேப்தான்.

இரும்பு டெஸ்ட் செய்பவர்கள் கவனிக்க: மோட்டாரைப் போட்டு, குழாயில் நின்ற பழைய தண்ணி போன பிறகு பிடியுங்கள். பிடித்த கையோடு போர் பக்கத்திலேயே சொட்டு விடுங்கள். வந்த தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கும். குடத்தில் வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்தால் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும். படிந்த பிறகு மேல் தண்ணியை எடுத்துச் சோதித்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். லேபுக்கு அனுப்புவதென்றால் உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம் விட்ட தனி பாட்டில் வேண்டும். நான் கொடுத்த தனியார் லேபில் பழைய மினரல் வாட்டர் பாட்டிலே போதும் என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் நம்பவில்லை.

குறைகள் இருக்கின்றன. நிற அட்டையை டியூப்லைட்டில் பார்த்தால் ஒன்று, திண்ணை வெளிச்சத்தில் பார்த்தால் இன்னொன்று. இரும்பில் 1-க்கும் 3-க்கும் நடுவே கட்டமே இல்லை, குடிநீருக்கான வரம்போ லிட்டருக்கு 1 மில்லிகிராம். மாங்கனீசு, ஆர்சனிக் இரண்டுக்கும் பாட்டில் கிடையாது, அவைதான் பயப்பட வேண்டியவை. தமிழ் விளக்கத்தாளை யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள், ஆங்கிலத் தாளைப் பார்த்தால்தான் புரிகிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மில், சாயப்பட்டறை, கோழிப்பண்ணை பக்கத்தில் போர் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். நெல் வரத்துக்கு முன்னால் ஒரு தடவை, மில் மும்முரமாக ஓடும்போது ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். எங்கேயாவது மனு கொடுக்கப் போனால் அந்த நோட்டு கைகொடுக்கும். கார்ப்பரேஷன் தண்ணி மட்டும் குடிப்பவர்களுக்கு இது வீண் செலவு. ரீஃபில் தனியாகக் கிடைக்கிறது. நைட்ரேட் பொடிக்கு மட்டும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், கட்டி தட்டிப்போனால் நிறமே வராது, அதையும் அட்டை ‘பாதுகாப்பானது’ என்றுதான் காட்டும்.