கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி

எங்கள் பெயின்ட், ஹார்டுவேர் கடையில் ஏழு வருடம் உழைத்த கணினி, சென்ற மாதம் 18-ஆம் தேதி படுத்துவிட்டது. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி. பெட்டியைத் திறந்தால், மின்விசிறி இறக்கைகளில் சிமென்ட் தூசியும் ஒயிட் சிமென்ட் பொடியும் கம்பளி போல அப்பியிருந்தன. அந்த மாதக் கணக்கைத் தணிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு, புதிதாக என்ன வாங்குவது என்று யோசித்தேன்.

ஆளுக்கொரு யோசனை. கரண்ட் போனாலும் ஓடும், மடிக்கணினி வாங்குங்கள் என்றார் கணக்கு எழுதுபவர். மைத்துனர் கடையில் அதன் கதியைப் பார்த்திருக்கிறேன்: நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்து, பேட்டரி உப்பி, விசைப்பலகையையே மேலே தூக்கிவிட்டது. திரையும் கணினியும் ஒரே உடம்பாக வரும் ஆல்-இன்-ஒன் பார்க்க அழகுதான். ஆனால் திரையில் கோளாறு வந்தால் மொத்தத்தையும் சர்வீஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பில் புத்தகத்தில் கையால் எழுத வேண்டியதுதான்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், அலுவலகங்கள் கழித்ததைப் புதுப்பித்து விற்கும் மினி கணினி ஒன்றை 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். தடித்த டைரி அளவுதான் இருக்கும். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5-8500டி சில்லு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அந்த 'டி' முக்கியம்: சாதாரண 8500 சில்லு 65 வாட் ரகம், இது 35 வாட். பழைய பெட்டியை முறையாக அணைக்கக்கூட நேரம் தராத எங்கள் 600 விஏ யுபிஎஸ், இதையும் மானிட்டரையும் சேர்த்து 20 நிமிடம் தாங்குகிறது.

முதலில் போன கடையில் ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு உள்ள பெட்டியை 9,000-க்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். விண்டோஸ் 11 ஓடுகிறதே, பாருங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். ஓடத்தான் செய்கிறது, சில்லு தகுதியானதா என்று விண்டோஸ் 11 பார்க்கும் சோதனையை ஏமாற்றி ஏற்றியிருப்பதால். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே 11 முறைப்படி ஏறும் பெட்டிதான் வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைப்போம் என்றும் ஆசை காட்டினார்கள். பில் இருந்தால் கழித்துக்கொள்ளக்கூடிய ஜிஎஸ்டி வரி வரவை விட்டுக்கொடுத்து எனக்கென்ன லாபம்? எழுந்து வந்துவிட்டேன்.

இனி குறை. எங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பழைய பேரலல் கேபிள்தான். இந்தப் பெட்டியில் அந்தத் துளையே இல்லை. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கிச் செருகினால், விண்டோஸ் சோதனைப் பக்கம் கடகடவென்று வருகிறது, பில் மட்டும் வரவில்லை! எங்கள் பில்லிங் மென்பொருள் எல்பிடி1 என்ற பழைய பேரலல் வாசலைத் தவிர வேறெதையும் அறியாது; கேபிளோ வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பிரிண்டரை அதே கணினியிலேயே பகிர்வில் வைத்து, எல்பிடி1-க்கு வருவதை அங்கே திருப்பிவிட்ட பிறகுதான் முதல் பில் கிழிந்து வந்தது. அரை நாள் வியாபாரம் போயிற்று. நீங்கள் போவதாக இருந்தால், உங்கள் பிரிண்டர் கேபிளின் முனையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது.

வேகத்தில் குறையில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுவத்தி ஏற்றுவதற்குள் பில் திரை தயாராகிவிடுகிறது. இடமும் மிச்சம்: மானிட்டரின் முதுகில் திருகி மாட்டிவிட்டதால், பழைய பெட்டி நின்ற இடத்தில் இப்போது ஷேடு கார்டுகள் நிற்கின்றன. ஒரே தொல்லை, சுவிட்சும் முதுகுப் பக்கம் போய்விட்டது. கடைப்பையன் தினமும் காலையில் மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் துழாவுகிறான்.