டிஎஸ்ஏ லாக்கா, பிளாஸ்டிக் ரேப்பா?

செக்கின் பேக்குக்கு எது நல்லதுன்னா, அமெரிக்கா போறவங்க டிஎஸ்ஏ (அமெரிக்க ஏர்போர்ட் பாதுகாப்பு அமைப்பு) ஏத்துக்கிற லாக்கே போடுங்க, அங்க செக்கிங்னா மாஸ்டர் சாவியால திறந்துட்டு திரும்ப பூட்ட முடியும், சாதா பூட்ட உடைச்சிடுவாங்க. ஆனா அந்த சாவியோட டிசைன் 2015லயே நெட்ல வந்துடுச்சு. அதவிட ஜிப் தான் பெரிய ஓட்டை, பால்பாயிண்ட் பேனா முனைய பல்லுக்கு நடுவுல குத்தினா பிளந்துக்கும், அப்புறம் பூட்டோட சேத்து ஜிப்ப ஒரு தடவ ஓட்டினா பழையபடி மூடிக்கும், தடயமே தெரியாதுங்க!

பெட்டிய பிளாஸ்டிக் ரேப்பால சுத்தினா யாரும் கை வச்சா கிழிசல் தெரியும், ஏர்போர்ட்ட விட்டு வெளிய வரதுக்கு முன்னாடியே கம்ப்ளெயின்ட் குடுக்கலாம். ஆனா செக்கிங்ல கிழிச்சா போச்சு, குப்பை வேற.

என் ஓட்டு ஜிப் இல்லாத ஃப்ரேம் பெட்டில டிஎஸ்ஏ லாக். நகை, லேப்டாப், மருந்து மட்டும் கைப்பைல வைங்க.