83 கண்ணி கேட்டேன், 79 வந்தது: 14,800 ரூபாய் போன கதை

நேற்று ராத்திரி, எனக்கு டேங்க் மாடல் கிட் விற்ற ஆள் என்னை பிளாக் செய்துவிட்டான். அதுவரை தெரிந்துகொண்டிருந்த புரொஃபைல் படம் பதினோரு மணிக்குக் காணாமல் போனது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போர்க்கால டேங்க் மாடல் செய்கிறவர்கள், அதிலும் ஷெர்மன் என்ற அமெரிக்க டேங்க்கைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் செய்ய ஆசைப்பட்டது ஷெர்மன் 5. அமெரிக்கப் பெயர் எம்4ஏ4. 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்திலாவை ஜப்பானியரிடமிருந்து பிடித்தபோது, 255வது இந்திய டேங்க் பிரிகேடின் புரோபின்ஸ் ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ் என்ற ரெஜிமெண்டுகள் ஓட்டிப்போன வண்டி அதுதான். என் தாத்தா அந்தப் போரில் பர்மா பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சுட்ட கதை எதுவும் சொல்ல மாட்டார், எஞ்சின் கதைதான் சொல்வார். "அஞ்சு கார் எஞ்சினை ஒண்ணாக் கட்டி உள்ளே திணிச்சு வெச்சிருப்பான்டா, அதுல ஒரு பிளக்கைக் கழட்டறதுக்குள்ளே பொழுது விழுந்துரும்" என்பார். சின்ன வயதில் அது கிழவரின் அளப்பு என்றே நினைத்தேன். பிறகு படித்தால் அத்தனையும் உண்மை. கிரைஸ்லர் கம்பெனி ஆறு சிலிண்டர் கார் எஞ்சின் ஐந்தை ஒன்றாகச் சேர்த்து முப்பது சிலிண்டர் எஞ்சின் செய்திருக்கிறது.

அந்த எஞ்சின்தான் இந்த மாடலில் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். அது சாதாரண ஷெர்மனுக்குள் அடங்காது. அதனால் வண்டியின் உடலைப் பின்பக்கம் நீட்டினார்கள். சாதாரண எம்4 சுமார் 5.84 மீட்டர் என்றால் எம்4ஏ4 சுமார் 6.06 மீட்டர். நீளம் கூடியதால் ஒவ்வொரு பக்கமும் உள்ள சக்கர போகிகள் (இரண்டிரண்டு சக்கரம் சேர்ந்த தொகுதிகள்) மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் போகிக்கும் போகிக்கும் நடுவே இடைவெளி பளிச்சென்று தெரியும். டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையில், ஒரு பக்கத்துக்கு 79 கண்ணி போய் 83 ஆனது. ரேடியேட்டருக்கு இடம் போதாமல் டரட்டுக்கு (பீரங்கி இருக்கும் சுழல் கூண்டுக்கு) பின்னால் எஞ்சின் மூடியில் ஒரு மேடும் எழும்பியது. இந்த நாலும் இல்லாவிட்டால் அது ஷெர்மன் 5 இல்லை. மேலே வெள்ளை நட்சத்திரம் ஒட்டினாலும் இல்லை.

அசலில் 35இல் ஒரு பங்கான 1/35 மாடலில் இந்த நீள வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான். "ஆறு மில்லிமீட்டருக்கா இத்தனை ரகளை" என்று என் மனைவி கேட்டாள். மாடல் செய்யாதவர்களுக்கு அதைப் புரியவைக்க முடியாது, விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய கிட்டுகளை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். கடை கிடையாது, பில் கிடையாது, படங்களும் ஒரு போன் நம்பரும்தான். எம்4ஏ4 முழு கிட், உலோக டிராக், கடைசல் பிடித்த அலுமினியக் குழல், நுணுக்கமான பாகங்களுக்கான பித்தளை எட்சிங் தகடு, இந்தியப் படைச் சின்னங்களின் டிகால் (ஒட்டுப்படம்) எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய் என்று போட்டிருந்தான். எனக்கு அது பெரிய தொகை. நாலு மாதம் சேர்த்த காசு.

உடனே அனுப்பிவிடவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை நான். மூன்று நாள் பேசிப் பார்த்தேன். நான் விழுந்தது எந்த இடத்தில் என்று இப்போது துல்லியமாகத் தெரிகிறது. டிராக் பற்றிக் கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவன் எழுதினான்: "சார், உங்களுக்கு ஒரு பக்கம் 83 கண்ணி வர்ற செட்தானே வேணும்? நிறைய பேர் தெரியாம 79 வாங்கிட்டு அழுவாங்க." அவ்வளவுதான், நான் காலி. 83 என்ற எண்ணை வாய்திறந்து சொல்கிறவன் திருடனாக இருப்பான் என்று எப்படி நினைப்பேன்? இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஜீவன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோய், தாத்தா கதையை வேறு அவனிடம் சொன்னேன். "சூப்பர் சார், அப்போ இந்த கிட் உங்ககிட்டதான் வந்து சேரணும்" என்றான். அந்த வரிக்கு அடுத்த நிமிடம் 14,800 ரூபாயை மொத்தமாக யுபிஐயில் அனுப்பினேன். பாதி இப்போது, பாதி பொருள் வந்ததும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பத்தொன்பது நாள் கழித்துப் பார்சல் வந்தது. பெட்டியைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. மேலட்டை கலர் ஜெராக்ஸ். உள்ளே பிளாஸ்டிக் இல்லை, பிசுபிசுவென்று ரெசின். யாரோ அசல் கிட் ஒன்றின் பாகங்களை ஒட்டி, சிலிகான் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி நகல் செய்திருக்கிறார்கள். சக்கரங்களில் ஊசி குத்தியதுபோல் காற்றுக் குமிழ். வெர்னியரை எடுத்து அளந்தேன். 173 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உடல் 165 இருந்தது. சாதாரண எம்4 என்றாலும் 167 வர வேண்டும். அதாவது அனுப்பியது வேறு வண்டி, அதுவும் வார்ப்பில் சுருங்கிப்போன நகல். எஞ்சின் மூடி சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை, மேடே இல்லை. போகிகள் நெருக்கியடித்து நின்றன.

டிராக் மட்டுமாவது தேறும் என்று நினைத்தேன். பையைக் கொட்டி, மேசையில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். 158. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 166 வேண்டும். மறுபடி எண்ணினேன், 158தான். அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 79! எதை வாங்கினால் அழுவார்கள் என்று அவனே சொன்னானோ அதையே அனுப்பியிருக்கிறான்.

படத்தோடு செய்தி அனுப்பினேன். முதல் பதில், "ரெசின்னா கொஞ்சம் சுருங்கும் ப்ரோ." பணம் போகும்வரை சார், போனதும் ப்ரோ. எட்டு மில்லிமீட்டரா சுருங்கும் என்று கேட்டதற்கு ஒரு நாள் பதில் இல்லை. மேடு எங்கே என்றதற்கு, "புட்டி வெச்சு எழுப்பிக்கோங்க, நல்ல மாடலர்னா அதெல்லாம் ஈசி." டிராக்குக்கு என்ன சொன்னான் தெரியுமா? "வண்டி சின்னதுதானே, 79 கரெக்டா பொருந்தும்." இதைப் படித்துவிட்டு ஒரு கணம் எனக்கே சிரிப்பு வந்தது, நியாயமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரிதானே! பிறகு பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றான். எடுக்கவில்லை என்றேன். "அப்போ நீங்களே மாத்தி வெச்சிட்டுக் கேக்கறீங்களோ என்னவோ." என் வயதுக்கு இந்தப் பேச்சு தேவையா? அப்புறம் பாஸ் ஊரில் இல்லை, திங்கள்கிழமை பார்க்கிறேன், வீட்டில் உடம்பு சரியில்லை, அடுத்த திங்கள்கிழமை. நேற்று, 14,800 ரூபாயில் பாதியாவது திருப்பிக் கொடு, போதும் என்று கெஞ்சி எழுதினேன். அதற்குப் பதில்தான் அந்த பிளாக்.

வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் சார் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், எண் வந்திருக்கிறது. இவன் விஷயத்தில் முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். திங்கள்கிழமை திங்கள்கிழமை என்று நம்பி இரண்டு வாரத்தை வீணாக்கியது என் தவறு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது எனக்கு அதற்குத் தெம்பு இல்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின்) படம் கேளுங்கள், உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உடலைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படமும் வேண்டும். ஷெர்மன் 5 என்றால் போகி இடைவெளியையும் எஞ்சின் மேட்டையும் பாருங்கள். பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், அலுப்பாக இருந்தாலும் எடுங்கள். விற்கிறவனுக்கு விஷயம் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவனை நம்பாதீர்கள். தாத்தா கதை எதையும் சொல்லாதீர்கள்.

158 கண்ணியும் இன்னும் மேசையில் பத்துப் பத்தாக அப்படியே கிடக்கின்றன. எடுத்து வைக்க மனம் வரவில்லை.