"கணக்கு நோட்டே வேண்டாம், மஞ்சள் நோட்டீஸ் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

திருப்பூரில் பவர் டேபிள் (தையல் மிஷின்) போட்டு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், கடனில் மூழ்கி ஐ.பி. (திவால் மனு, அதாவது மஞ்சள் நோட்டீஸ்) கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் எந்த ஆபீஸுக்கும் போங்கள். 48,000 ரூபாய் போச்சு. அதோடு என் கணக்கு நோட்டுகளும் போச்சு. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எட்டு மிஷின் வைத்திருந்தேன். நம் தொழிலில் வரவு எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை கம்பெனியில் பீஸ் ரேட் கணக்குப் பார்த்துக் கையில் பணம் கொடுப்பார்கள், அன்று ராத்திரிக்குள் டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் கூலி பிரித்துக் கொடுத்தால் மிச்சம் வீட்டு மளிகைக்கு. பேங்க் பாஸ்புக்கில் இதில் கால்வாசிகூடத் தெரியாது. ஜி.எஸ்.டி. கிடையாது, ஐ.டி. ரிட்டர்ன் போட்டதில்லை. இருந்த ஒரே ஆதாரம் நீள நோட்டுகளும், சரக்கு அனுப்பும்போது கம்பெனி கொடுத்த டி.சி. (டெலிவரி சலான்) சீட்டுகளும்தான். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எனக்கு வேலை கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டிங்கையே நிறுத்தியது. பழைய பில்லும் வரவில்லை. பைனான்ஸ் கடன், மனைவி பேரில் குழுக் கடன், மிஷின் கடன் (இதற்கு ஒரு நண்பர் ஜாமீன்), கைமாத்து எல்லாம் சேர்த்து 11 லட்சம். எங்கே போய்ப் பேசினாலும் "மூணு வருஷ ஐ.டி. கொண்டு வாங்க" என்றுதான் முதல் கேள்வி.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. கடன் தீர்வு ஆலோசனை மையமாம். பேர் போடப் போவதில்லை, இந்த மாதிரி இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் தராசுப் படம். நான் நோட்டுகளை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கூச்சத்தோடுதான் கொண்டுபோனேன். எதிரில் உட்கார்ந்த ஆள் ஒரு நோட்டை எடுத்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஏனுங்கண்ணா, ஒரு சனிக்கிழமைகூட விடாம எழுதியிருக்கீங்க. உங்களை மாதிரி ஆளுக்குத்தானுங்க சட்டமே இருக்குது" என்றார். அந்த ஆறு மாதத்தில் என்னை யாரும் அப்படி மரியாதையாகப் பேசவில்லை. கடன்காரன் எல்லாம் வாசலில் நின்று கத்திய காலம் அது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 48,000 ரூபாய். மனைவியின் கம்மலை விற்ற காசு.

"வருமானச் சான்று, கணக்கு எதுவும் கோர்ட்டுல கேக்க மாட்டாங்க, நாங்க பாத்துக்கறோம், நீங்க சிம்மை மாத்துங்க, தவணை கட்டறதை நிறுத்துங்க" என்றார்கள். நோட்டு, டி.சி. எல்லாம் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி.

அப்புறம் ஆரம்பித்தது. "சார் கோர்ட்ல இருக்காருங்க." "நம்பர் இன்னும் விழலைங்க." "சர்வர் வேலை செய்யலைங்க." ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் என் பேரைப் புதுசாகக் கேட்டு எழுதிக்கொண்டது. கடைசியில் அந்தப் பெரிய மனுஷனே போனை எடுத்துச் சொன்னார், "உங்க டாக்குமெண்ட் பத்தலைங்கண்ணா, அதான் பைல் பண்ண முடியல." கணக்கே வேண்டாம் என்ற அதே வாய்! 48,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் அது ஆலோசனைக் கட்டணமாம், திரும்பாதாம். நோட்டைக் கேட்டால் "கோயமுத்தூர் பிராஞ்ச்ல இருக்குது." இதற்கிடையில் தவணை நின்றதால் ஜாமீன் போட்ட நண்பர் வீட்டுக்கு ஆள் போய்விட்டது. அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

பிறகு கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்து வக்கீலிடம் போனேன். அவர் பத்து நிமிஷத்தில் சொன்னதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. 2016-ல் வந்த புதுத் திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் அமலுக்கு வரவில்லை. சென்னையைத் தாண்டிய நமக்கெல்லாம் இன்றைக்கும் 1920-ஆம் வருஷச் சட்டம்தான். அதில் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் 42-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். கடைசி மூன்று வருஷம் தொழிலுக்கு உரிய கணக்கு எழுதி வைக்காதவனுக்குக் கடனிலிருந்து முழு விடுதலை தரக் கூடாது. சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணா (அதாவது பாதி) அளவுக்குத் தேறாவிட்டாலும் அப்படித்தான், நம் கைமீறிய காரணத்தால் நொடித்தோம் என்று காட்டினால் ஒழிய. என் நோட்டில் ஆகஸ்ட்டுக்கு அப்புறம் ஆர்டர் எப்படிக் குறைந்தது என்று வாரம் வாரமாக இருந்தது. அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை என்றார் அவர். அந்த நோட்டைத்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். ஒரிஜினல் நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும். மனு போட்டதாகச் சொன்னால் கேஸ் நம்பர் வாங்கி இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பேரைப் போட்டுப் பாருங்கள். வக்காலத்தில் (வக்கீலுக்கு நாம் அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வாங்காத ஆள் உங்களுக்காகக் கோர்ட்டில் எதுவும் செய்யவில்லை. ஐ.பி. போட்டாலும் ஜாமீன்தாரர் தப்ப மாட்டார், அடகு வைத்த நகையும் தப்பாது. 15100-க்குப் போன் போட்டால் சட்ட உதவி, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடித்தால் அதற்குக் கட்டணமும் இல்லை. கலெக்‌ஷன் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அதையும் ஞாபகம் வையுங்கள்.

போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன். 48,000 ரூபாய் பிறகு வரட்டும், முதலில் நோட்டை மீட்டுக் கொடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். இதே மாதிரி யாராவது திருப்பூர், ஈரோடு பக்கம் மாட்டியிருந்தால் கமெண்ட்டில் போடாமல் உள்பெட்டியில் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.